மீட்டரில் 14, வீடியோவில் 70: டர்பனிலிருந்து மருத்துவத் தளங்கள் பற்றி ஒரு ரிவ்யூ

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு உடம்பு விஷயமாக இணையத்தில் தேடுபவர்கள் போனில் முதலில் சேமிக்க வேண்டியது மருந்து விலை காட்டும் மெடிசின் பிரைஸ் ரெஜிஸ்ட்ரி என்ற தளம். அதற்கடுத்தது, சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன். பிரிட்டனின் அரசு சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ் தளமும் அமெரிக்காவின் மெட்லைன்பிளஸும் நல்லவைதான், ஆனால் அவற்றை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் படிக்கத் தெரிய வேண்டும். தமிழ் யூடியூப் மருத்துவர்கள் பற்றிக் கீழே தனியாகப் பேசுகிறேன், அது கொஞ்சம் நீளும்.

நான் மருத்துவர் இல்லை. திருச்சியில் பிறந்து, கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள். வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் உண்டு. திருச்சியில் அம்மாவுக்கும் சர்க்கரை. அம்மா தமிழ் வீடியோக்களாக அனுப்புவார், அத்தை தன் கோயில் குழுவில் வந்த ஆங்கில வாய்ஸ் நோட்களாக அனுப்புவார். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து எது சரி, எது சரியில்லை என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது. டர்பன் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று கை காட்டுபவர்களைப் பார்த்தாலே போதும்.

சரி, விலைத் தளத்துக்கு வருகிறேன். கேப் டவுனில் இயங்கும் ஓப்பன்அப் என்ற அமைப்பு செய்தது. சுகாதாரத் துறை வெளியிடும் மருந்து விலைப் பட்டியலை எடுத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். துறை வெளியிடுவது பெரிய எக்செல் கோப்பு, அதைப் போனில் திறந்து ஒரு மாத்திரையைத் தேடுவதற்குள் கண் போய்விடும். இந்தத் தளத்தில் ஒரே ஒரு பெட்டிதான். மாத்திரையின் பெயரை அடித்தால் உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், யார் தயாரிப்பு, அதிகபட்சம் என்ன விலை என்று வந்துவிடும். அதே மருந்தை வேறு பெயர்களில் விற்கும் ஜெனரிக் மாத்திரைகளும் விலையோடு வரிசையாக வரும். விளம்பரம் கிடையாது, மெயில் முகவரி கேட்காது.

இது எப்படிச் சாத்தியம் என்றால், 2004 முதல் இந்த நாட்டில் தனியார் மருந்துக்கு ஒற்றை விலை என்று ஒரு சட்டம் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு மாத்திரைக்கு ஒரு விலைதான் வைக்க முடியும், ஆளுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு தள்ளுபடி என்றெல்லாம் முடியாது. மருந்துக்கடை அதன் மேல் எடுத்துக் கொடுக்கும் கட்டணம் மட்டும் போட்டுக்கொள்ளலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு, அதைவிடக் குறைத்தும் வாங்கலாம். ஆக, ஒரே பெட்டி இரண்டு கடைகளில் வேறு வேறு விலை என்றால் அந்த வித்தியாசம் அநேகமாக இந்தக் கட்டணத்தில்தான் இருக்கும். இது தெரிந்த பிறகு கடையில் நின்று பேசுவதே சுலபமாகிவிட்டது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. டாக்டர் தரும் ஸ்கிரிப்டில் (மருந்துச் சீட்டில்) பிராண்ட் பெயர் எழுதியிருந்தாலும், அதற்கு ஜெனரிக் இருந்தால் மருந்தாளுநர் அதைச் சொல்லியே ஆகவேண்டும், அதுவும் சட்டம். டாக்டர் மாற்றக் கூடாது என்று கைப்பட எழுதியிருந்தாலோ, நாமே வேண்டாம் என்றாலோதான் விலக்கு. அத்தையின் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) மாதக்கணக்கில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கொடுத்தது போக மீதியை நாங்களே கட்டிக்கொண்டிருந்தோம். அடோர்வாஸ்டாட்டின் என்று இந்தத் தளத்தில் அடித்துப் பார்த்த பிறகு, போனைக் கவுன்டரில் வைத்து "இதுல எது இருக்கு?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் எடுத்து வந்தாள். கையிலிருந்து கட்டிய மீதிப் பணம் அந்த மாதத்தோடு நின்றது.

குறைகளும் இருக்கின்றன. ஷெட்யூல் பூஜ்யம் என்று வகைப்படுத்தப்பட்ட சாதாரண மருந்துகளுக்கு, சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் சின்ன பனாடோ (பாரசிட்டமால்) பெட்டி மாதிரி, ஒற்றை விலைச் சட்டம் கிடையாது, அதனால் அவற்றை இங்கே தேடிப் பயனில்லை. மருந்து எதற்கு, என்ன பக்கவிளைவு, கடையில் ஸ்டாக் இருக்கிறதா என்பதெல்லாமும் வராது. அரசு கிளினிக்கில் இலவசமாக மாத்திரை வாங்குபவர்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஒரு தளம் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்வதே இணையத்தில் அபூர்வம். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

இப்போது தமிழ் வீடியோக்கள். அவற்றில் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை, பல மருத்துவர்கள் அழகாக, பொறுமையாகச் சொல்கிறார்கள், அம்மாவின் வயதினருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் இதுவரை பேசியதில்லை. ஆனால் பேசுவது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு. அங்கே சர்க்கரை அளவு மில்லிகிராம் கணக்கில், இங்கே மில்லிமோல் கணக்கில். அங்கே 126 என்றால் இங்கே 7. அங்கே 200 என்றால் இங்கே 11.1. நம் மீட்டர் காட்டுவதைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். எந்த வீடியோவிலும் இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

போன முறை அம்மா இங்கே வந்திருந்தபோது அத்தையின் மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தார். 14.2. அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. "பதினாலா! எழுபதுக்குக் கீழ போனாலே உடனே சர்க்கரை சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாரே" என்று சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். டாக்டர் என்று அவர் சொன்னது வீடியோவில் வந்தவரை. நல்லவேளை அத்தை அங்கேயே நின்றார், டப்பாவை வாங்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டு, "இட்ஸ் ஹை, மா, ஹை!" என்று கையை உயர்த்திக் காட்டினார். 14.2 என்பது திருச்சிக் கணக்கில் சுமார் 255. அதன் மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. யோசித்துப் பாருங்கள், அந்த வீடியோவில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

கொலஸ்ட்ராலுக்கு இந்தப் பதினெட்டு செல்லாது, அதற்குப் பெருக்கும் எண் ஏறக்குறைய 38.7. மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குக் கீழே இருக்கட்டும் என்று தமிழ்நாட்டில் சொன்னால் இங்கே அது சுமார் 5.2. இரண்டு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இதைவிட வேடிக்கை மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி. என்ஹெச்எஸ் தளத்தில் சர்க்கரை அளவு நம்மைப் போலவே மில்லிமோலில் இருக்கும், சரி, நம் ஆள்தான் என்று நம்பி அடுத்த பத்திக்குப் போனால், ஹெச்பிஏ1சி 48 என்று இருக்கும். நம் லேப் ரிப்போர்ட்டில் அது 6.5 சதவிகிதம். பல அமெரிக்கத் தளங்களில் அப்படியே தலைகீழ்: ஹெச்பிஏ1சி நம்மைப் போலச் சதவிகிதத்தில், சர்க்கரை அளவு இந்தியாவைப் போல மில்லிகிராமில். அமெரிக்காவின் மேயோ கிளினிக் தளம் சர்க்கரை அளவை இரண்டு கணக்கிலும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே அதற்கு அரை நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மருந்துப் பெயரிலும் இதே குழப்பம். அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்பதும் நம் பாரசிட்டமாலும் ஒன்றே. க்ளைபியூரைடு என்று அங்கே சொல்வது இங்கே க்ளிபென்க்ளமைடு. காய்ச்சலுக்குப் பனாடோ போட்டுவிட்டு, அதற்கு மேல் கடையில் வாங்கிய ஃப்ளூ மருந்தையும் குடிப்பவர்கள் நம் வீடுகளில் நிறைய, இரண்டிலும் பாரசிட்டமால் இருக்கக்கூடும் என்று தெரியாமல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் எல்லை, அதைத் தாண்டினால் ஈரல் அடிவாங்கும். பெட்டியின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தேடினால்தான் எந்த நாட்டுத் தளமும் உதவும்.

அப்புறம், நெஞ்சுவலி பற்றி எந்த வெளிநாட்டுத் தளத்தைத் திறந்தாலும் 911க்குக் கூப்பிடு, 999க்குக் கூப்பிடு என்று இருக்கும். இங்கே ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் விஷத் தகவல் உதவி எண் 0861 555 777. இவற்றைப் போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

என்ஹெச்எஸ் தளத்தின் எழுத்து நடை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சுற்றி வளைக்காமல் எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், பக்கத்தின் கடைசியில் எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்று தேதியும் இருக்கும். மெட்லைன்பிளஸ் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்துவது, கொஞ்சம் வறட்சியாக இருக்கும், ஆனால் யாரும் எதையும் விற்க வரமாட்டார்கள். இரண்டுக்கும் நான்கு.

காக்ரேன் கொஞ்சம் வேறு ரகம். ஒரு சிகிச்சை பற்றி நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக எடுத்து வைத்து, எது தேறும் எது தேறாது என்று பிரித்துப் பார்க்கும் உலக அமைப்பு, 1993 இல் தொடங்கியது. இதன் தென்னாப்பிரிக்கக் கிளை கேப் டவுனில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண மக்களுக்கான சுருக்கங்கள் சில தமிழிலும் கிடைக்கும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனாலும் அம்மாவுக்கு அனுப்ப முடிகிறது.

பாகற்காய் விஷயத்தில்தான் நான் முதலில் இதற்குள் போனேன். எங்கள் வீட்டுப் பக்கம் பாகற்காய்க்குக் குறைவில்லை, யாருக்காவது சர்க்கரை என்றால் உடனே ஜூஸ் போட்டுக் குடி என்று ஒருவர் வருவார். காக்ரேனின் 2012 மதிப்பாய்வு சொல்வது சுருக்கமாக இதுதான்: நடந்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், அவையும் சின்னவை, பாகற்காய் சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. லவங்கப்பட்டைக்கும் அதே ஆண்டு கிட்டத்தட்ட அதே பதில். இதைப் படித்துக் காட்டியபோது அத்தை, "குழம்பு வைக்கலாம்ல?" என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம், மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் சரி. காக்ரேனிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றே, பாதிக் கேள்விகளுக்குப் பதில் "தெரியவில்லை" என்றுதான் வரும். இரவு பதினோரு மணிக்குக் கவலையோடு தேடுபவருக்கு அது எரிச்சல். நான்கரை.

பாகற்காயை மாத்திரையாக்கி விற்கிறார்களே, அதற்குத் தளமே வேண்டாம், டப்பாவைத் திருப்பினால் போதும். இது பதிவு செய்யப்படாத மருந்து, இதன் தரத்தையோ பாதுகாப்பையோ பயனையோ சாப்ரா மதிப்பிடவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். சாப்ரா என்பது 2018 இல் வந்த நம் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். அந்த வரியை எவ்வளவு சின்னதாக அச்சடிக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக அச்சடிப்பார்கள், விளம்பரத்தில் படிக்கும்போது மூச்சுவிடாமல் ஓட்டிவிடுவார்கள்.

புரட்டாசி மாதத்திலும் ஒரு தொல்லை. இங்கே புரட்டாசியை எவ்வளவு கட்டுப்பாடாக இருப்பார்கள் என்பது தெரியும், சனிக்கிழமை ஒரு வேளையோடு நிறுத்துபவர்களும் உண்டு. விரதம், சர்க்கரை மாத்திரை என்று தேடினால் வருவதெல்லாம் ரமலான் நோன்புக்கு எழுதியது. நல்ல விவரமாகவே எழுதியிருக்கிறார்கள், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம், ஆனால் க்ளிமிபிரைடு, க்ளிக்ளசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ போடுபவர்கள் கேட்காமல் பட்டினி கிடந்தால் ஆபத்து. மாதம் பிறக்கும் முன்பே கிளினிக் சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். அந்த சிஸ்டர் எதைப் பார்த்து மருந்து கொடுக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், சுகாதாரத் துறையின் சிகிச்சை வழிகாட்டியும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. படிக்கச் சுகமாக இருக்காது, செவிலியருக்கும் டாக்டருக்கும் எழுதியது, ஆனால் உங்கள் எண்ணுக்கு உங்கள் கிளினிக்கில் அடுத்து என்ன செய்வார்கள் என்பது வேறெந்தத் தளத்திலும் இருக்காது.

கர்ப்பிணிகளுக்கு மாம்கனெக்ட். 2014 ஆகஸ்டில் அரசு தொடங்கிய இலவசச் சேவை, போனில் *134*550# அடித்துப் பதிவு செய்யலாம், எத்தனையாவது வாரமோ அதற்கேற்ற செய்தி வரும், 2017 முதல் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. நாத்தனார் இரண்டாவது பிள்ளைக்கு இதைத்தான் வைத்திருந்தாள். வாரக் கணக்கு, கிளினிக் நாள், தடுப்பூசி எல்லாம் இந்த நாட்டுக்குரியது, வேறெங்கிருந்தோ வந்து நாம் மாற்றிப் படிக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை. பதினொரு மொழிகள் உண்டு, தமிழ் இல்லை, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒரு குறையும் இல்லை. ஐந்து.

கூகுளின் மேலே வரும் ஏஐ சுருக்கத்துக்கு நட்சத்திரம் கொடுக்க எனக்கு மனமில்லை. அரட்டை ஏஐயைச் சும்மா கேட்டால் எந்த நாட்டுக் கணக்கில் பதில் வரும் என்று சொல்ல முடியாது, நான் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன், மில்லிமோலில் சொல் என்று எழுதிக் கேட்டால் ஓரளவு தேறும். பழைய தளங்களின் அடியில் ஹான்கோடு என்று ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள், ஜெனீவாவிலிருந்த ஒரு அமைப்பு நல்ல மருத்துவத் தளங்களுக்கு 1996 முதல் கொடுத்து வந்தது. அந்த அமைப்பே 2022 இறுதியில் மூடப்பட்டுவிட்டது, இனி அந்த முத்திரையைப் பார்த்தால் பக்கம் பழையது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஓவராக இல்லையா, ஒரு வாய்ஸ் நோட்டுக்கு இவ்வளவா என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்பார். இந்த ஊர்க்காரர் கேட்கக் கூடாத கேள்வி அது. 1999 அக்டோபர் 28 அன்று அதிபர் தாபோ எம்பெக்கி நாடாளுமன்றத்தின் மாகாணங்கள் அவையில் நின்று, ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்து நச்சு என்று சொல்பவர்கள் எழுதியதெல்லாம் இணையத்தில் நிறைய இருக்கிறது, போய்ப் படியுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் இதே டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது, எய்ட்ஸுக்குக் காரணம் ஹெச்ஐவி கிருமிதான் என்று 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்துப் போட்ட டர்பன் பிரகடனம் அப்போது வந்ததுதான். அதற்குப் பிறகும் சுகாதார அமைச்சர் எய்ட்ஸுக்குப் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், 2006 இல் டொரொன்டோ எய்ட்ஸ் மாநாட்டில் நம் நாட்டு அரங்கில் அவற்றை அடுக்கியே வைத்திருந்தார்கள். குழந்தைக்கு ஹெச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி 2002 இல் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008 இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அந்த இணையப் பக்கங்களிலும் பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் இருந்தன, அடிக்குறிப்புகள் இருந்தன. அதனால் எழுதியவர் யார் என்று மட்டும் பார்த்து நிறுத்த எனக்கு மனம் வராது. எப்போது எழுதியது, எதை வைத்துச் சொல்கிறார், பணம் எங்கிருந்து வருகிறது, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், இவ்வளவையும் பார்ப்பேன். 1999 இல் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த டிஸ்கர்ன் என்ற பதினாறு கேள்விப் பட்டியல் ஒன்று இதற்கென்றே இருக்கிறது, முழுவதையும் போட்டுப் பார்க்கப் பொறுமை வேண்டும், வாய்ஸ் நோட்டுகளுக்கு முதல் நான்கைந்து கேள்விகளே அதிகம்.

மில்லிமோலில் பேசும் ஒரு தமிழ்ச் சர்க்கரை வீடியோவாவது எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே கணக்குத்தான், அங்கே யாராவது செய்திருக்கக்கூடும். அம்மா டிசம்பரில் மறுபடி வருகிறார்.